மூணு லட்சத்துக்கு இன்னும் எவ்வளவு

கையில் இருப்பது நாற்பத்தேழாம் டோக்கன், கவுன்ட்டருக்கு மேலே சிவப்பு எழுத்தில் எரிவது இருபத்தொன்பது, ஆளுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஆகும், ஆனால் இப்போது நிற்கிறவர் ஏதோ ரசீதைத் தொலைத்துவிட்டு வந்து வாதாடுகிறார், அவருக்கே பத்து நிமிடம் போய்விடும் போலிருக்கிறது. சாந்தாமணி பிளாஸ்டிக் நாற்காலியில் முன்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, செருப்பிலிருந்து குதிகாலை மட்டும் வெளியே எடுத்துத் தரையின் குளிர்ச்சியில் வைத்தாள். பக்கத்தில் ரஹமத்து, பக்கத்து வீட்டுக்காரி, மகளின் எட்டாம் வகுப்புக் கட்டணம் பதினாலாயிரத்து ஐந்நூறைக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்திருக்கிறாள். அந்தப் பணத்தைச் சாந்தாமணி வாங்கிக்கொள்வாள், தன் கிரெடிட் கார்டை மெஷினில் தேய்ப்பாள், ரஹமத்துக்கு ரசீது, சாந்தாமணிக்குக் கணக்கு. பனியன் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அரை நாள் என்றால் இருநூற்றிப் பத்து ரூபாய். அதையும் சேர்க்க வேண்டும், வரும்போது பஸ்ஸில் கணக்குப் போட்டபோது அதை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கார்டு தேய்த்தால் இரண்டு சதவீதம் மேலே போடுவார்கள், இருநூற்றித் தொண்ணூறு, அதன் மேல் வரி ஐம்பத்திரண்டு ரூபாய் இருபது காசு, ஆக முந்நூற்றி நாற்பத்திரண்டு, அதோடு இந்த இருநூற்றிப் பத்தைச் சேர்த்தால் ஐந்நூற்றி ஐம்பத்திரண்டு. ஐந்நூற்றி ஐம்பத்திரண்டு ரூபாய் கொடுத்து என்ன வாங்குகிறாள் என்று யாராவது கேட்டால் ஒன்றும் வாங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். செலவு செய்ததாக ஒரு கணக்கை வாங்குகிறாள். அடுத்தவர் வீட்டுச் செலவைத் தன் செலவாக எழுதிக்கொள்வதற்கு ஐந்நூற்றி ஐம்பத்திரண்டு.

“எனக்கு இன்னும் வெளங்கவே இல்லக்கா,” என்றாள் ரஹமத்து. “காசு ரெடியா என் மடியில கெடக்குது. அத உங்ககிட்டக் குடுத்து, நீங்க அட்டையத் தேச்சு, அதுக்கு மேல அவங்களுக்கும் காசக் குடுத்து, அப்பறம் என் காசக் கொண்டுபோய் பேங்க்ல கட்டி. நேரா நானே கட்டிட்டா பாவம் அந்த அட்டை அழுவுமா?” சாந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை. மூணு லட்சம் ஆகோணும் ரஹமத்து, என்றாள். வருஷத்துக்கு மூணு லட்சம் தேய்ச்சா பத்தாயிரத்துக்குப் பிளேன் டிக்கெட் கூப்பன் தருவாங்க. கார்டோட வருஷக் கட்டணம் ஆயிரத்தி நூத்தி எண்பதும் தள்ளுபடி. இன்னைக்கோட அந்த வருஷம் முடியுது. “அதுதான் ஆயிருச்சுன்னு அண்ணன் தெருவுக்கே சொன்னாரே,” என்றாள் ரஹமத்து. ஆயிருச்சு, கொஞ்சம் கொறையுது, என்று மட்டும் சொல்லிவிட்டு சாந்தாமணி டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏழாயிரத்து ஐந்நூற்றி எண்பது குறைகிறது. நேற்று சாயங்காலத்திலிருந்து அந்த எண் ஆலைச் சங்கு மாதிரி காதுக்குள் ஊதிக்கொண்டே இருக்கிறது. ஏழாயிரத்து ஐந்நூற்றி எண்பது, அது குறைவதற்குக் காரணம் அவள்தான், அது அவருக்குத் தெரியாது.

சிவப்பு எழுத்து முப்பத்தொன்றுக்கு வந்தது. அவர் என்றால் அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன். முப்பது வருஷம் பவர் டேபிளில் உட்கார்ந்து பனியன் தைத்தவர், கண்ணில் புரை விழுந்து ஊசிமுனை இரண்டாகத் தெரிய ஆரம்பித்ததும் கம்பெனிக்காரர்கள் நல்ல மாதிரியாகவே பேசி கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு அப்புறம் கண் சரியாகிவிட்டது, ஆனால் மனுஷன் சரியாகவில்லை. நாலு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டீங்களா என்றால் ம். மருந்து போட்டீங்களா என்றால் ம். அவள் கம்பெனியில் காலை எட்டரையிலிருந்து நின்றபடியே பீஸ் பார்த்து, ஓட்டையும் கறையும் தேடி, ராத்திரி வந்து கதவைத் திறந்தால் லைட் போடாமல் உட்கார்ந்திருப்பார். அந்த நாலு மாதம் அவள் என்னென்னவோ பயந்தாள். கிணற்றுப் பக்கம் போகிறாரா என்று ரஹமத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள், ரஹமத்து அதை இன்றுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு ஒரு அப்பார்ட்மென்டில் கேட் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அங்கே குடியிருக்கிற ஒரு பேங்க் ஆபீசர் இவருடைய பி.எஃப். பணம் ஒரு லட்சத்தை டெபாசிட் போடவைத்து, அதன் மேல் ஒரு கார்டும் வாங்கிக் கொடுத்து, மூணு லட்சம் கதையையும் சொல்லிக் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி சென்னியப்பன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே பேச ஆரம்பித்தவர்தான், இன்னும் நிறுத்தவில்லை. காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதுவார். மாசம் இருபத்தஞ்சாயிரம் தேய்க்கோணும் சாந்தா, நம்ம செலவு பன்னெண்டுதான், மிச்சம் பதிமூணு யாருகிட்டப் புடிக்கறது சொல்லு. வாடகையை ஆப் வழியாகக் கட்டினால் நூற்றுக்கு ஒரு ரூபாய், மாதா மாதம் வரியோடு எண்பத்தெட்டு ஐம்பது. ஆறு மாதம் கட்டினார், அப்புறம் வாடகையைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று பேங்கே மெசேஜ் அனுப்பிவிட்டது. அன்றைக்கு அவர் முகம் போன போக்கைப் பார்த்து, பேங்குக்காரன் நல்லா இருக்க மாட்டான் என்று அவள் மனசுக்குள் திட்டினாள். ரஹமத்து வீட்டு பிரிட்ஜ் முப்பத்திரண்டாயிரம் இவர் கார்டில்தான் வாங்கியது. கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் என்று கடைக்காரன் சொன்னதும், அறுநூற்றி நாற்பதை இவரே பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, ரஹமத்திடம் சொல்லாதே என்று சாந்தாமணியிடம் சொன்னார். அவளுக்கு அந்த அறுநூற்றி நாற்பது பத்து நாள் தொண்டையில் நின்றது. ஆறு வாடகை ஐந்நூற்றி முப்பத்தொன்று, பிரிட்ஜ் அறுநூற்றி நாற்பது, யார் யாருக்கோ போட்ட இன்சூரன்ஸ், டயர், அங்கங்கே பத்தும் இருபதும். எழுதி வைக்கவில்லை என்றாலும் அவளிடம் எல்லாம் இருக்கிறது, ஆயிரத்து எண்ணூறுக்குப் பக்கம் வரும். பத்தாயிரத்தில் ஆயிரத்து எண்ணூறு போனாலும் மிச்சம்தான். ஆனால் அந்தப் பத்தாயிரம் வந்தால்தானே மிச்சம். வராவிட்டால் ஆயிரத்து எண்ணூறும் தண்டம், வருஷக் கட்டணமும் தண்டம், ஒரு வருஷமாக அவர் பேசிய பேச்சும்.

இல்லை, பேச்சு தண்டமில்லை. அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முப்பத்து நாலு. ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஒரு வகுப்பு ஒன்றாக வாய்ப்பாடு சொல்கிறது, பதினாலாம் வாய்ப்பாடு. பதினாலு ஏழு தொண்ணூற்றெட்டு என்று அவர்கள் சொல்வதற்கு முன்னால் அவள் சொல்லிவிட்டாள், உதடு அசைந்ததை ரஹமத்து பார்த்திருப்பாளோ. ஏழாம் வகுப்பு பாதியில் நின்றவள். அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்தபோது சமைக்க ஆளில்லாமல் நின்றாள், அம்மா எழுந்துவிட்டாள், இவள் திரும்பப் போகவில்லை, அவ்வளவுதான், அதில் பெரிய கதை ஒன்றுமில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்து வாசலுக்குள் நுழைந்தால் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொள்கிறாள். கவுன்ட்டரில் இருக்கிற கண்ணாடி போட்ட மேடம் ஒரு ஃபாரத்தை நீட்டி இதை நிரப்புங்கம்மா என்பாளோ. கார்டில் இருக்கிற பேரும் நீங்களும் ஒண்ணுதானா என்பாளோ. ஒன்றுதான். இது அவருடைய கார்டோடு சேர்த்துக் கொடுத்த துணைக்கார்டு, ஆனால் அவள் பேர் போட்டது, எழுத்து மேலே எழும்பியிருக்கும், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால்கூடத் தெரியும். கவரைப் பிரித்த அன்று அவர் அதை அவள் கையில் கொடுத்து, இந்தா, உம்பேர்ல ஒண்ணு, என்றார். ரேஷன் கார்டில் அவர் பேருக்குக் கீழேதான் அவள். வீட்டு வாடகை ஒப்பந்தம், கேஸ் புத்தகம், எல்லாம் அவர் பேர். இதில் மட்டும் தனியாக அவள் பேர். பயத்தில் ஒரு மாதம் அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தாள்.

ஏழாயிரத்து ஐந்நூற்றி எண்பது. அது எப்படிக் குறைந்தது என்றால், போன மாதம் ஒரு நாள் அவர் வண்டியில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். கால் அமுக்குகிற மெஷின். இரண்டு பள்ளம் இருக்கும், இரண்டு காலையும் உள்ளே விட்டு ஸ்விட்ச்சைப் போட்டால் உருண்டை உருண்டையாக ஏதோ வந்து பாதத்தையும் கெண்டைக்காலையும் பிசையும். ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. அவள் விலையைக் கேட்டதும் பெட்டியைத் தொடவே இல்லை. “கணக்குக்கு வாங்குனது சாந்தா. ஏழாயிரத்தி ஐந்நூத்திச் சில்லற கொறஞ்சுது. வருஷம் முடியப் போகுது, யாருகிட்டயும் செலவு சிக்குல. இத வாங்குனதுல மூணு லட்சத்தி நானூத்திப் பத்து ஆயிருச்சு. முடிஞ்சுது போ,” என்று காலண்டர் தாளைக் காட்டினார். கணக்குக்கு என்றதும் அவளால் மறுத்துப் பேச முடியவில்லை. அன்றைக்கு ராத்திரி அவரே மண்டியிட்டு அவள் காலை உள்ளே எடுத்து வைத்தார். ஐயோ உடுங்க, யாராவது பாத்தா என்ன நெனப்பாங்க, என்றாள். நல்லாத்தான் இருந்தது. பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால் தன் கால் இல்லாத மாதிரி லேசாகிக் கண் சொக்கியது, அந்தச் சுகத்திலேயே அவளுக்குப் பகீர் என்றது. ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ரூபாய்க்குக் காலை அமுக்கிக்கொள்கிறவள் யார், அவளுக்கு எத்தனை வீடு இருக்கிறது, எத்தனை கார் இருக்கிறது. பில்லில் ஏழு நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று போட்டிருந்ததை அவள் படித்துவிட்டாள். அஞ்சாம் நாள் கம்பெனிக்கு லீவு, மத்தியானம் பெட்டியை மடியில் வைத்து டவுன் பஸ்ஸில் கொண்டுபோனாள். கடைப் பையன் புருவத்தைத் தூக்கினாலும் ஒன்றும் கேட்கவில்லை, பணம் கார்டுக்கே போயிரும்மா என்றான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்குத் தன்னை நினைத்தே பெருமை தாங்கவில்லை. தேய்த்தது கணக்கில் ஏறிவிட்டது, பணமும் திரும்பி வந்துவிட்டது, ஒரு பைசா கட்டணம் இல்லை. இத்தனை படித்த பேங்க் ஆபீசருக்குத் தோன்றாத வழி. வருஷம் முழுக்க இப்படியே வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுத்திருந்தால் பிரிட்ஜுக்கு அறுநூற்றி நாற்பது போயிருக்காதே என்று வயிற்றெரிச்சல்கூடப் பட்டாள்.

நேற்று டீ நேரத்தில் கம்பெனியில் கணக்கு எழுதுகிற பொன்மணி ஏதோ வாங்கிய சுடிதாரைத் திருப்பி அனுப்பின கதையைச் சொன்னபோது, பாதி கேட்டும் கேட்காமலும் சாந்தாமணி கேட்டாள், திருப்பிக் குடுத்தா தேய்ச்ச கணக்கு அப்படியே இருக்குமா கண்ணு. “அதெப்படிங்க்கா இருக்கும். கழிச்சுருவாங்க. இல்லாட்டி ஊரே கடைய வாங்கித் திருப்பிக் குடுக்குமே.” அப்புறம் அவள் கைக்கு வந்த பீஸில் ஒன்றில்கூட ஓட்டை தெரியவில்லை, சூப்பர்வைசர் இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

முப்பத்தெட்டு. வேறு வழியே இல்லையா என்று மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள், பஸ்ஸில் பார்த்ததுதான், ராத்திரி பாயில் படுத்தும் பார்த்ததுதான். தங்கக் காசு வாங்கி விற்கலாம். வாங்கும்போது வரி, விற்கும்போது கழிவு, ஐந்நூறுக்கு மேல் போகும், அதோடு நகைக் கடையில் இவள் நிற்பதை யாராவது பார்த்தால் மகளுக்கு ஏதோ விசேஷம் என்று கிளப்பிவிடுவார்கள். போனில் வாலட்டில் போட்டு எடுக்கலாம், அதுக்கு நூற்றுக்கு இரண்டரை, அதையும் இப்போது சேர்ப்பதில்லை. அரிசி வாங்கலாம். அஞ்சு சிப்பம் அரிசி வாங்கினால் கட்டணமே இல்லை, எப்படியும் தின்னப் போகிற அரிசிதானே, ஆனால் ஒற்றை அறை வீட்டில் எங்கே அடுக்குவது, அவர் வந்து எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது, வண்டு வேறு வைக்கும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் காலையில் ரஹமத்து கட்டணம் கட்டப் போகிறேன் என்றதும் அவள் கையைப் பிடித்தது. முந்நூற்றி நாற்பத்திரண்டு. பத்தாயிரத்துக்கும் ஆயிரத்து நூற்றி எண்பதுக்கும் எதிரே முந்நூற்றி நாற்பத்திரண்டு. தராசில் வைத்தால் கேள்வியே இல்லை. ஆனால் அந்த மெஷினைத் திருப்பிக் கொடுக்காமல் இருந்திருந்தால் இந்த முந்நூற்றி நாற்பத்திரண்டும் வேண்டியதில்லை, அதற்கு ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு போயிருக்கும், அப்படிப் பார்த்தால் லாபம்தான், ஆனால் அப்படிப் பார்க்கக் கூடாது, ஏனென்றால் தினமும் ராத்திரி அவர் கேட்கிறார். இன்னைக்குக் கால் வெச்சயா. வெச்சனுங்க. எத்தன நிமிஷம். பதினஞ்சு நிமிஷம். எப்படி இருந்துச்சு. சொகமா இருந்துச்சுங்க. மெஷின் எங்கே என்று முதல் நாள் கேட்டபோது, நடைவழியில் இடைஞ்சலாக இருக்கிறது, மத்தியானம் எறக்கி வெச்சுட்டு மறுபடி மேல வெச்சுருவன், என்று பரணைக் காட்டினாள். பரணில் பழைய டேபிள் ஃபேன் பெட்டிதான் சாக்குச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. அவருக்கு இடுப்பு வலி, ஏணி ஏற மாட்டார். மத்தியானம் அவள் கம்பெனியில் இருப்பாள் என்பதை அவர் ஒரு நாளும் யோசிக்கவில்லை. அவ்வளவு நம்புகிற மனுஷனிடம் பதினஞ்சு நிமிஷம் என்று, சிலநாள் மாற்றிச் சொல்ல வேண்டுமே என்று இருபது நிமிஷம் என்றும். முப்பத்தி ரெண்டு வருஷத்தில் அவரிடம் இத்தனை பொய் மொத்தமாகச் சொன்னதில்லை.

பிளேனுக்கு அவர் தயாராகிவிட்டார், அதுதான் பெரிய பயம். மகள் கார்த்திகா ஹைதராபாத்தில் இருக்கிறாள், பேத்திக்கு எட்டு மாதம். போன தடவை ரயிலில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் உட்கார்ந்து போனதில் சாந்தாமணிக்குக் கால் இரண்டும் வீங்கி, இறங்கும்போது செருப்புக்குள் நுழையவில்லை. மாப்பிள்ளை முன்னால் வெறுங்காலோடு நின்றாள், சென்னியப்பன் அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். அன்றைக்கு அந்தப் பிளாட்பாரத்தில் சொன்னார், அடுத்தவாட்டி உன்ன மேலதான் கூட்டிட்டுப் போவன். அவள் அப்போது சிரித்தாள், எந்த மேல என்றாள். இப்போது அப்பார்ட்மென்டில் எல்லாரிடமும் கேட்டு வைத்திருக்கிறார், ஊறுகாய் கொண்டுபோகலாமா, எத்தனை கிலோ விடுவார்கள், காது அடைத்தால் என்ன செய்வது. போக மட்டும்தான் பிளேன், வருவது ரயிலில்தான், கூப்பன் அவ்வளவுதான் தாங்கும். ஆனாலும் டீக்கடையில் கேட்டால் பிளேன்ல போறமுங்க என்றுதான் சொல்கிறார், வருவதைச் சொல்வதில்லை. அந்த மனுஷன் நாளைக்குப் பேங்குக்குப் போன் போட்டு, ஏழாயிரத்து ஐந்நூற்றி எண்பது குறையுதுங்க சார் என்று யாரோ ஒரு பெண் சொல்வதைக் கேட்டு, போனை வைத்துவிட்டு, மறுபடியும் அந்தச் சுவரைப் பார்த்து.

நாற்பத்திரண்டு. “மொகத்த ஏன் இப்படி வெச்சிருக்கீங்க,” என்றாள் ரஹமத்து. “அந்த மேல்காசுல பாதிய நான் தர்றேன். என் புள்ளக்கித்தானே கட்டறோம்.” வேண்டாம், என்றாள் சாந்தாமணி. “அண்ணனுக்குத் தெரியுமா நீங்க வந்தது?” தெரியாது, தெரிய வேண்டாம். ரஹமத்து கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தபடி சாதாரணமாகக் கேட்டாள், “தேச்சா அவருக்கு மெசேஜ் போகாதா? எங்க வீட்டுக்காரர் சவுதில இருந்துக்கிட்டு, நான் இங்க ஏ.டி.எம்.ல கார்டச் சொருகுறதுக்குள்ள போன் போட்டு எதுக்கு எடுத்தேம்பாரு.”

மெசேஜ். துணைக்கார்டில் தேய்த்தாலும் அவர் போனுக்குத்தான் போகும். அரிசி வாங்கிய அன்றெல்லாம் அவர் கேட்டிலிருந்தே போன் போட்டு, நானூத்தி அறுபதா, பொன்னியா வாங்குனே, என்று கேட்டவர்தானே. இன்று அவர் கேட் பக்கத்தில் நிற்கும்போது பதினாலாயிரத்து ஐந்நூறு, அதன் மேலே முந்நூற்றி நாற்பத்திரண்டு, ஏதோ ஒரு பள்ளிக்கூடம் என்று மணி அடித்தால் மனுஷன் கார்டை யாரோ திருடிவிட்டான் என்று பதறிப் போவார். பேங்குக்குப் போன் போட்டு கார்டையே நிறுத்தச் சொல்வார். இதை எப்படி நினைக்காமல் விட்டாள். காசைக் காசாக எண்ணினவள், மெசேஜை எண்ணவில்லை. அப்புறம்தான் அடுத்தது உறைத்தது. தேய்ப்பதற்கு மெசேஜ் போகுமென்றால், திரும்பி வந்த பணத்துக்கும் போயிருக்கும். மெஷினைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு அவள் இரண்டு நாள் அதைத்தான் பயந்தாள், அவர் ஒன்றும் கேட்காததால், கடைக்காரர்கள் அனுப்புகிற நூறு விளம்பரத்தோடு அதுவும் போயிருக்கும் என்று தேற்றிக்கொண்டாள். போயிருக்குமா. ஒரு ரூபாய் வந்தாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். நாற்பத்து மூணு. தேய்த்துவிட்டுச் சொல்வதா, சொல்லிவிட்டுத் தேய்ப்பதா. தேய்த்துவிட்டுச் சொன்னால் பொய்யை மூடிவிட்டுச் சொல்கிற மாதிரி. அவள் எழுந்து, ஒற்றைச் செருப்போடு சுவர் ஓரமாகப் போய் நின்று, அவர் நம்பரை அழுத்தினாள்.

“சொல்லு. கம்பெனில இல்லியா? மெஷின் சத்தமே கேக்குல,” என்றார். இஸ்கூல்ல இருக்கறனுங்க. “என்ன, ஏழாவது பாக்கி இருக்குதுன்னு போயிட்டயா?” ஏனுங்க, கொஞ்சம் சிரிக்காம கேளுங்க, என்றாள். பிறகு ஒரே மூச்சில் சொன்னாள், மெஷினைத் திருப்பிக் கொடுத்தது, கழித்துவிடுவார்கள் என்று நேற்றுத்தான் தெரிந்தது, ஏழாயிரத்து ஐந்நூற்றி எண்பது குறைவது, ரஹமத்து வீட்டுக் கட்டணம், இரண்டு பர்சென்ட், வரி, அரை நாள் கூலி உட்பட எல்லாம். அந்தப் பக்கம் கேட் கிறீச்சிட்டது, ஒரு கார் உள்ளே போகிற சத்தம், வாங்க சார் என்று யாரிடமோ சொன்னார். பிறகு, “அன்னைக்கே தெரியும்,” என்றார். மெசேஜ் வந்துச்சுங்களா. “வராம? ஏழாயிரத்தித் தொள்ளாயிரத்தித் தொண்ணூறு வரவு. ரெண்டு தடவ படிச்சேன்.” அப்பறம் எதுக்குங்க தெனமும் கால் வெச்சயா வெச்சயான்னு கேட்டீங்க. “நீ சொல்லுவீல்ல, பதினஞ்சு நிமிஷம், இருவது நிமிஷம், சொகமா இருந்துச்சுன்னு. ஒரு நாளைக்குச் சிரிப்ப அடக்க மாட்டாம நான் வெளிய போயி தண்ணி புடிக்கற மாதிரி நின்னுட்டேன்.” அவளுக்கு முகம் சுட்டது. திட்டினால்கூடத் தேவலை. “அது கெடக்குதுங்க. மூணு லட்சத்துக்குக் கொறையுதுங்க. இன்னைக்குள்ள ஆகோணும். நான் இங்க தேய்ச்சுரட்டுங்களா?”

“தேய்க்காத,” என்றார். “கொறையல.” எப்படிங்க கொறையாம இருக்கும், தொண்ணூத்தி ரெண்டாயிரத்தி நானூத்தி இருவதுதானே வருது, ரெண்டு லட்சத்தி. “இங்க ஜெனரேட்டருக்குப் பேட்டரி வாங்குனாங்க சாந்தா. எட்டாயிரத்தி எழுநூத்தி முப்பது. செகரட்டரிகிட்டச் சொல்லி என்ர கார்டுல போட்டேன், அப்பவே காசக் குடுத்துட்டாங்க. அதுலயே மூணு லட்சம் தாண்டிருச்சு. தாண்டி ஒரு வாரம் கழிச்சுத்தான் அந்த மெஷினயே வாங்குனேன்.” அவள் மனசுக்குள் எட்டாயிரத்து எழுநூற்று முப்பதைக் கொண்டுவந்து கூட்டினாள், மூணு லட்சத்து ஆயிரத்து நூற்றி ஐம்பது, மறுபடியும் கூட்டினாள், அதே வந்தது. அப்ப ஏழாயிரத்தி ஐந்நூறு கொறையுதுன்னு தாள்ல எழுதிக் காட்டுனீங்களே. “கணக்குக்குன்னு சொல்லாட்டி நீ எத வீட்டுக்குள்ள உட்டிருக்கற? ஒரு செருப்பு நல்லதா வாங்குனா ஊருக்குப் போறவங்களுக்குக் குடுத்துருவே. கணக்குக்குன்னாத்தான் வாய மூடிட்டு இருப்பேன்னு பாத்தேன். அதயும் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துட்டே.” குரலில் கோபமில்லை. ஆனால் கடைசி வார்த்தையில் ஏதோ ஒன்று தட்டியது, பவர் டேபிளில் நூல் அறுந்தால் மெஷின் ஒரு நொடி வெறுமனே ஓடுமே, அந்த மாதிரி. சாந்தாமணிக்குச் சட்டென்று புரிந்தது, அவருக்குக் குறைந்தது ஏழாயிரமும் இல்லை, எட்டாயிரமும் இல்லை. மடியில் பெட்டியை வைத்து அவள் டவுன் பஸ்ஸில் போன அந்த மத்தியானம், மெசேஜைப் படித்துவிட்டு கேட் பக்கத்து ஸ்டூலில் அவர் எப்படி உட்கார்ந்திருப்பார். இரண்டு தடவை படித்தேன் என்றாரே. அவள் என்னமோ பணம் திரும்பி வந்தது என்று நினைத்தாளே.

“ஏனுங்க,” என்றாள். சுகமா இருந்துச்சுங்க, நெசமாலுமே, அந்த மொத நாள், என்று சொல்லலாமா. பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வது. நாற்பத்தாறு என்று சிவப்பு எழுத்து மாறியது, ரஹமத்து நாற்காலியிலிருந்து கையைக் காட்டினாள். அவர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “நாளையில இருந்து புது வருஷம் ஆரம்பிக்குது பாரு. கணக்கு சுழியில நிக்கும். மொதல்லயே பெரிசா ஒண்ணு போட்டு வெச்சுட்டா அப்பறம் திண்டாட வேண்டியதில்ல. நாளைக்கு ஞாயித்துக்கெழம, உனக்கும் லீவு. அந்தக் கடை வரைக்கும் போயிட்டு வந்துரலாமா?” அப்படி ஒரு விதியும் கிடையாது. பன்னிரண்டு மாதம் கிடக்கிறது, என்றைக்குப் போட்டாலும் ஒன்றுதான், ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு இல்லாமலேயே மாதம் இருபத்தைந்தாயிரத்துக்கு வழி பார்த்துக்கொள்ளலாம், இதெல்லாம் அவளுக்கு நொடியில் ஓடியது, அவளுக்கு ஓடும் என்பது அவருக்கும் தெரியும். அவர் பதிலுக்குக் காத்திருக்கிற மூச்சு போனில் கேட்டது.

“கணக்குக்குத்தானுங்களே?” என்றாள்.

“கணக்குக்குத்தான்.”

“அப்பச் சரிங்க.”

போனை முந்தானையில் துடைத்தபடி அவள் திரும்பி வந்தபோது நாற்பத்தேழு எரிந்துகொண்டிருந்தது. ரஹமத்து எழுந்து நின்று ரூபாய்க் கட்டை அவளிடம் நீட்டினாள். சாந்தாமணி அதை அப்படியே அவள் கையோடு சேர்த்து மூடி, நீயே கட்டு, என்று கவுன்ட்டர் பக்கம் லேசாகத் தள்ளினாள். ரஹமத்து நகரவில்லை. “என்னாச்சுக்கா, திட்டுனாரா? மூணு லட்சம் ஆயிருச்சாமா, ஆகலியாமா?”

சாந்தாமணி உட்கார்ந்து செருப்புக்குள் காலை நுழைத்தாள்.

“ஆயிருச்சாமா,” என்றாள். “ஆனா அடுத்த வருஷத்துக்கு இன்னும் மூணு லட்சம் கொறையுதாமா.”